வெண்டைக்காய்த் தண்ணீரும் ஒரு டாக்டரம்மாவும்

குருவிட்டவுக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால்தான் எனக்கு வேலை. மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பட்டையில் வழியும் தண்ணீரோடு பாலும் போய்விடும். அதனால் விடியும்போதே மழை பிடித்துவிட்டால் பெண்கள் வீட்டில் நிற்பார்கள், எனக்குப் போன் வரும். "டீச்சர், இன்னிக்கு மழ. வகுப்பு வைங்க." நான் இரத்தினபுரியில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பேன். மற்றவர்களுக்கு மழை என்றால் விடுமுறை, எனக்கு மட்டும் மழை என்றால் பயணம். அட்டை கடித்தால் போட உப்பும் ஒரு குடையும் பையில் போட்டுக்கொண்டு, மழையைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறுவேன்.

போனில் வருகிற மருத்துவப் புரளிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தோட்டத்துப் பெண்கள் குழுக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. என்னை அனுப்பிய தொண்டு நிறுவனம் இதற்கு 'டிஜிட்டல் எழுத்தறிவு வளவாளர்' என்று ஒரு பதவிப் பெயர் கொடுத்திருந்தது. பெண்கள் அதை 'போன் டீச்சர்' ஆக்கிவிட்டார்கள். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

வகுப்பு நடப்பது பிள்ளைக்காம்பராவில். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்கிற இடம் அது. மழை நாளில் தாய்மார் வீட்டில் இருப்பதால் காலியாகக் கிடக்கும். அங்கே இருப்பதெல்லாம் முழங்கால் உயரத்து நாற்காலிகள். அதில் உட்கார்ந்தால் எழும்ப ஒருவர் கை கொடுக்க வேண்டும். சுவரில் சிரிக்கும் யானையும் முயலும். அந்த யானைக்குக் கீழே நின்றுகொண்டுதான் நான் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் இணையத்தைப் பற்றியும் பேசினேன்.

முதல் நாளே, "நீங்கள் எதற்காக வந்தீர்கள், என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். பயிற்சியில் அப்படிக் கேட்கச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். குழுத்தலைவி மட்டும் எழுந்தார். ஐம்பதைத் தொடும் வயது, பால் வெட்டி வெட்டி இறுகிப்போன கை.

"எங்க வீட்டுக்காரரு சீனி வருத்தத்துக்குப் போட்ட மாத்திரைய நிப்பாட்டிட்டாருங்க. யாரோ ஒரு வெள்ளக்கோட்டுக்காரன் போன்ல சொன்னானாம், மாத்திரை கிட்னிய தின்னுரும், வெண்டிக்காய ராத்திரி ஊறப்போட்டு அந்தத் தண்ணியக் குடிச்சா போதும்னு. இப்ப கால் வெரல்ல புண்ணு. ஆற மாட்டேங்குது. அவர மாத்திரை போட வைக்கணும். அதுக்குத்தான் வந்தேன். மத்தத நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிறோம்."

இவ்வளவு தெளிவான எதிர்பார்ப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. "அதற்கென்ன, செய்துவிடலாம்" என்று சொன்னேன். அப்போது எனக்கு என் பாடத்தின் மேல் அத்தனை நம்பிக்கை.

என் பாடம் மூன்று கேள்விகள். எந்தச் செய்தி வந்தாலும் கேளுங்கள்: யார் சொன்னது? எப்போது சொன்னது? சொன்னவருக்கு இதில் என்ன லாபம்? நான் இதைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்கு முன்பே பெண்கள் மனப்பாடம் செய்துவிட்டார்கள். அடுத்த வகுப்புக்கு நான் வந்தபோது தோட்டம் முழுக்க இந்த மூன்று கேள்விகளும் உலாவிக்கொண்டிருந்தன. பெரட்டுக்களத்தில் காலையில் வேலை பிரித்துக்கொடுத்த கங்காணியிடம் ஒருத்தி, "யாரு சொன்னது, எப்ப சொன்னது, ஒங்களுக்கு என்னா லாபம்?" என்று கேட்டு, அவர் தலையில் அடித்துக்கொண்டாராம். மாரியம்மன் கனவில் வந்து பூசை கேட்டதாகச் சொன்ன பூசாரிக்கும் அதே மரியாதைதான் நடந்திருக்கிறது. "லாபம் பொங்கச் சோறு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் என்னிடமே வந்தார்கள். "டீச்சர், மழைல இம்புட்டு தூரம் வாறீங்களே. ஒங்களுக்கு என்னா லாபம்?"

கேட்டது குழுவிலேயே வாய் நீளமான பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துப் பார்த்து அதில் வரும் மாமியார், மருமகள், வக்கீல், போலீஸ் எல்லோரையும் போலப் பேசிக்காட்டுவாள். பேசிக்காட்டாத நேரத்தில் சண்டை போடுவாள். நான் சம்பளம் என்று உண்மையைச் சொன்னேன். "ஹரி, நம்பலாம்" என்று சிங்களச் 'சரி'யோடு தலையாட்டினாள்.

ஆனால் அளவுக்கு மீறிய கெட்டிக்காரத்தனம் என்னையும் விடவில்லை. நான் நிவித்திகல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ரப்பர் எனக்குத் தெரியாது. ஆனாலும் உள்ளூர் உதாரணம் சொன்னால்தான் மனதில் ஏறும் என்று, பால் ஸ்டோரில் நடப்பதை விசாரித்து வைத்துக்கொண்டேன். வெட்டிய பாலை வாளியில் கொண்டுவந்து கொடுக்கும்போது, மெட்ரோலாக் என்று ஒரு கருவியை அதில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்களாம். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த வகுப்பில் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தேன். "போனில் வருகிற செய்தியும் வாளியில் இருக்கிற பாலும் ஒன்றுதான். பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறார்கள் என்று நமக்குத்தானே தெரியும், இல்லையா?" என்று கண்ணைச் சிமிட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வாய் நீளமானவள் எழுந்தாள். "டீச்சர ஆபீஸ்ல இருந்து அனுப்பியிருக்காங்களா?"

"எந்த ஆபீஸ்?"

"தோட்டத்து ஆபீஸ்தான். யாரு தண்ணி கலக்குறான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்களா?"

நான் பதறிப்போய் விளக்க விளக்க அது இன்னும் மோசமானது. "உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகக் கலப்பார்கள் அல்லவா" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். நாற்காலிகளிலிருந்து ஒருவருக்கொருவர் கை கொடுத்து எழுப்பிக்கொண்டு, கொட்டும் மழையில் எல்லோரும் வெளிநடப்புச் செய்தார்கள். யானையும் முயலும் நானும் மிஞ்சினோம். குழுத்தலைவிதான் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்ச் சமாதானம் பேசி, அரை மணி நேரம் கழித்து எல்லோரையும் கூட்டிவந்தார். "பவ், டீச்சர் தேயிலைக்காரங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவர்கள் பாவப்பட்டதுதான் எனக்குக் கிடைத்த மன்னிப்பு. அவர் என்னைக் காப்பாற்றியதற்கும் காரணம் தெரியும். புருஷனுடைய புண் இன்னும் ஆறவில்லை.

அந்தப் புருஷனை அன்று மாலைதான் முதன்முதலாகப் பார்த்தேன். பால் ஸ்டோரில் அந்த மெட்ரோலாக்கை மிதக்கவிடுகிற அளவுக்காரரே அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பேச்சில் வகுப்பு ஏன் கலைந்தது என்பதும் முழுதாகப் புரிந்தது. தோட்டத்தில் அவரைப் போலச் சந்தேகப் பிராணி இல்லை. வாளியைப் பார்ப்பார், வாளி கொண்டுவந்தவள் முகத்தைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், பிறகு மறுபடி வாளியைப் பார்ப்பார். வாய் நீளமானவளுக்கும் அவருக்கும் தினமும் அங்கே சண்டை. சொந்தப் பெண்சாதி கொண்டுவரும் வாளிக்கும் சலுகை கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதர், முகம் தெரியாத ஒரு வெள்ளைக்கோட்டுக்காரன் போனில் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

வீட்டில் அவர் என்னை மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். வலது காலில் துணி சுற்றியிருந்தது. பழைய சோடாப் போத்தலில் வழுவழுவென்று ஏதோ இருந்தது. "குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். லயத்தில் யார் வீட்டிலும் வெண்டிக்காய்க் கறி வைத்துப் பல வாரம் ஆகிறதாம். எல்லாம் இவர் போத்தலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் என் மூன்று கேள்விகளையும் எடுத்துவிட்டேன். யார் சொன்னது என்றால், டாக்டர் என்றார். எந்த டாக்டர் என்றால், கோட்டுப் போட்ட டாக்டர் என்றார். பிறகு ஆயுதத்தை மாற்றினேன். உண்மையான ஒரு மருத்துவர் சீனி நோயைப் பற்றிப் பேசிய ஒரு நல்ல காணொளி என்னிடம் இருந்தது. போட்டுக் காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு கடைசிவரை பார்த்தார்.

"இந்த டாக்டர் மாத்தயா பேப்பரப் பாத்து வாசிக்கிறாருங்க" என்றார். "உண்மையச் சொல்றவரு ஏன் பாத்து வாசிக்கணும்? எங்க ஆளு பாருங்க, கண்ண மூடிக்கிட்டுச் சொல்றாரு."

நான் போனை அணைத்துவிட்டு எழுந்தேன். திரும்பி நடந்தபோது அவர் என் போன் இலக்கத்தையும் வாங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து தினமும் காலையில் எனக்கு ரோசாப்பூவும் சூரியனும் 'காலை வணக்கம்' என்று வர ஆரம்பித்தன.

அடுத்த மழைக்குக் குழுத்தலைவி வகுப்பு தொடங்குமுன்னே என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது.

"டீச்சர், ஒங்களுக்கு இந்தப் போன் வேல எல்லாம் தெரியுமில்ல. நீங்களே ஒரு வீடியோ செஞ்சு தாங்களேன். கோட்டு ஒண்ணு நான் எங்கிட்டாச்சும் வாங்கித்தாறேன். மாத்திரையும் போடணும்னு ஒரு ஆளு கண்ண மூடிக்கிட்டுச் சொல்ற மாதிரி. அவரு நம்பிருவாரு."

நான் எதற்காக அங்கே வந்திருக்கிறேன் என்பதை ஒரு நிமிடம் அவர் மறந்துவிட்டாரா என்று தோன்றியது. "பொய்யை நம்பாதீர்கள் என்று சொல்லித்தர வந்தவளிடம் பொய் செய்து தரச் சொல்கிறீர்களே, இது நியாயமா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டுவிட்டது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். விவாதம் வராந்தாவுக்கு வந்துவிட்டது. ஒருத்தி, "நல்லதுக்குச் சொல்றது பொய்யில கணக்கா?" என்றாள். இன்னொருத்தி, "பிள்ளைக்குச் சோறு ஊட்டறப்ப பூச்சாண்டி வாறான்னு சொல்றோமே, அது என்னாங்க?" என்றாள். நான் கொள்கை பேசினேன். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் திருத்தினால் பிறகு எதை நம்புவார்கள் என்றேன். நம்பிக்கை, பொறுப்பு என்றெல்லாம் நன்றாகத்தான் பேசினேன்.

குழுத்தலைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவரு கால எடுத்துட்டா, நீங்க வந்து தூக்கிட்டுப் போவீங்களா டீச்சர்?"

அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை. நான் பஸ்ஸில் திரும்பும்போது என் மேலேயே எரிச்சல் வந்தது. நான் சொன்னதில் தப்பில்லை என்று தெரியும். ஆனாலும் அவருடைய கேள்வி இரத்தினபுரி வரை கூடவே வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் மாவட்டத்துக்கே அதிசயமாகச் சில நாள் வெயில் அடித்தது. வகுப்பில்லை. பிறகு ஒரு நாள் நல்ல மழை, ஆனால் என்னை யாரும் கூப்பிடவில்லை. கோபமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் வழக்கமான ரோசாப்பூவுக்குப் பதிலாக அந்த அளவுக்காரரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. கூடவே அவருடைய குறிப்பு: 'பெரிய டாக்டரம்மா பேசுகிறார். அனைவரும் கேட்கவும்.'

கேட்டேன். "அன்பான உறவுகளே, வணக்கம்! சென்னையிலிருந்து டாக்டர் பேசுகிறேன்" என்று தொடங்கியது ஒரு கணீர்க் குரல். வெண்டைக்காய்த் தண்ணீர் மிக நல்லது, ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால் கிளினிக் மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் போட வேண்டும், காலில் புண் இருந்தால் நர்ஸிடம் காட்டி மருந்து கட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெண்டைக்காய் உள்ளே போய்ச் சும்மாதான் கிடக்கும் என்று அந்த டாக்டரம்மா அடித்துச் சொன்னார். நடுவில் தொடரில் வரும் வக்கீலைப் போல, "இதை யாராலும் மறுக்க முடியுமா?" என்று ஒரு கேள்வி வேறு. சென்னை டாக்டரம்மாவின் அறையிலே தகரக் கூரை மேல் மழை சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். கடைசியில் ஒரு சேவல் கூவியது.

எனக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்திருக்க வேண்டும். எத்தனை வகுப்பு, எத்தனை அட்டைக் கடி! என் மாணவிகள் புரளியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார்களோ இல்லையோ, தயாரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அடுத்த மழைக்கு யாரும் கூப்பிடாமலே போனேன். ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் போனேன். குட்டி நாற்காலிகளில் எல்லோரும் பாலர் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். போனை எடுத்து அந்தச் செய்தியை எல்லோர் முன்னும் ஓடவிட்டேன். சேவல் கூவும் வரை ஒருத்தரும் அசையவில்லை.

"யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"டாக்டரம்மா" என்றார்கள் எல்லோரும்.

"எப்போது சொன்னது?"

"மழைக்கு" என்று யாரோ சொல்லி, பக்கத்திலிருந்தவள் அவளைக் கிள்ளினாள்.

"சொன்னவருக்கு என்ன லாபம்?"

வாய் நீளமானவள் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். குழுத்தலைவிதான் பேசினார். "மாத்திரை போடுறாருங்க. கிளினிக்குக்கும் போனாரு. நேத்து நர்ஸம்மா பாத்துட்டு, புண்ணு காயுதுன்னு சொன்னாங்களாம்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "நீங்க ஏசுங்க டீச்சர். நாங்க கேட்டுக்கிறோம்."

ஏசுவதற்கு நிறையத் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு எலிக்காய்ச்சலைப் பற்றிப் பாடம் எடுத்தேன்.

வகுப்பு முடியும் நேரம் மழை வலுத்தது. என் குடைக் கம்பி பாதி முறிந்து தொங்கியது. வாசலில் அளவுக்காரர் ஒரு பெரிய குடையோடு நின்றுகொண்டிருந்தார். "ரோட்டு வரைக்கும் கொண்டாந்து விடுறேன், வாங்க" என்றார். காலில் வெள்ளைக் கட்டு, அதன் மேல் மழை படாமல் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கட்டியிருந்தார். இருவரும் மெதுவாக இறங்கினோம். அந்தச் செய்தியைப் பற்றி அவர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். பொய் என்று சொன்னால் மாத்திரையை மறுபடி நிறுத்திவிடுவார். உண்மை என்று சொல்ல என் நாக்கு எழும்பாது.

லயம் மறைந்து, ரப்பர் மரங்களுக்குள் வந்ததும் அவரே தொடங்கினார்.

"நல்லாத்தான் பேசியிருந்தா, இல்லிங்களா?"

"யார்?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"அந்த டாக்டரம்மாதான். வருசக்கணக்கா தண்ணி கலக்கலன்னு எங்கிட்ட கத்துற கத்து. அந்தக் கொரலு எனக்குத் தெரியாதுங்களா?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவரும் குடையோடு நின்றார்.

"தெரிந்துமா மாத்திரை போட்டீர்கள்?"

காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்க அண்ணன் ஒழுங்கா கிளினிக்குக்குப் போனவருங்க. ஒரு மாத்திரை விட்டதில்ல. கடைசில ஒரு நாள் வெரலப் பாத்தாங்க. அப்பறம் முழங்காலு வரைக்கும் எடுத்தாங்க. எனக்கும் புண்ணு வந்தப்ப, அங்க போனா இதத்தான் சொல்லுவாங்கன்னு தெரியும். அந்த வெள்ளக்கோட்டுக்காரன் ஒருத்தன்தான் போக வேணாம்னு சொன்னான். அவன நான் நம்பலிங்க டீச்சர். அவன் பாலு முழுக்கத் தண்ணின்னு பாத்த ஒடனே தெரிஞ்சிச்சு. நம்பணும்னு ஆசையா இருந்திச்சு, அவ்வளவுதான்."

மூன்று கேள்விகளைத் தூக்கிக்கொண்டு நான் இத்தனை மழையில் அலைந்திருக்கிறேன். உங்களுக்கு என்ன பயம் என்று அந்த மனிதரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, மழையில் முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

"பொறகு இவளுக எல்லாஞ் சேந்து இப்புடிச் செஞ்சாளுக" என்றார். "எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா? அந்தக் கத்துறவளுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. அவளே எனக்காகச் சென்னைக்காரி மாதிரிப் பேசியிருக்கான்னா, எம்பொண்டாட்டி எத்தன பேரு கால்ல விழுந்திருப்பா? அத நெனச்சேன். கிளினிக்குக்குப் போனேன்." மறுபடி நடக்கத் தொடங்கினார். "வெட்ட வேண்டியதில்ல, நேரத்தோட வந்தீங்கன்னு டாக்டர் சொன்னாரு."

ரோட்டுக்கு வந்துவிட்டோம். தூரத்தில் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது. அவர் குடையை என் பக்கம் சாய்த்தார்.

"ஒண்ணு மட்டும். எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிறாதீங்க. என்னைய ஏமாத்திட்டோம்னு ராத்திரில திரும்பிப் படுத்துக்கிட்டுச் சிரிக்கிறா. அவ சிரிச்சு ரொம்ப நாளாச்சுங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தேன். குருவிட்ட டவுனைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. குழுத்தலைவியின் குரல் செய்தி. யாருக்கும் கேட்காமல் குசுகுசுவென்று பேசியிருந்தார். "டீச்சர், அவரு ஒங்கள ரோட்டு வரைக்கும் கொண்டாந்து விட்டாராமே. என்னாச்சும் கேட்டாருங்களா? சந்தேகம் வந்திருச்சா?"

பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினேன்.

"ஒண்ணும் கேக்கலக்கா. முழுசா நம்பிட்டாரு."